மலை விபத்துக் கதையில ஐரனியும் முரணும் கண்டுபிடிக்கிறது எப்படி? 1996 எவரெஸ்ட்டை வச்சு ஒரு முழுமையான வழிகாட்டி

சோகத்தையும் ஐரனியையும் போட்டுக் குழப்பிக்கிறதுதான் இதுல முதல் பிரச்சனை. மலையேத்த விபத்து பத்தின ஒரு உண்மைக் கதையைக் குடுத்து, இதுல ஐரனி எங்க, முரண்பாடு எங்கன்னு கேட்டா, யாராச்சும் செத்துப்போன இடத்துக்கெல்லாம் ஹைலைட்டர் போட்டுட்டு வந்து நிப்பாங்க. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல சனிக்கிழமை வாசிப்பு வகுப்புல, யுனிவர்சிட்டிக்கு முந்தி ஃபார்ம் சிக்ஸ், ப்ரீ-யூ படிக்கிற பிள்ளைங்களோட உக்காந்து படிக்கிறப்ப இதைத் திரும்பத் திரும்பப் பாக்குறேன், கூட வர்ற அப்பா அம்மாவும் அதேதான் செய்றாங்க, பிள்ளைங்களை மட்டும் குத்தம் சொல்லிப் புண்ணியமில்ல. அதனால நாங்க எப்படிப் படிக்கிறோமோ அதை அப்படியே படி படியா எழுதிடறேன். நினைச்சதும் நடந்ததும் நேர் எதிரா நிக்கிறதை நான் ஐரனின்னே எழுதறேன், பரீட்சைத்தாள்ல முரண்நகைன்னு எழுதிக்குங்க. வெறும் முரண்னா, ஒரே சம்பவத்தைப் பத்தி ரெண்டு பேர் சொல்றது ஒட்டாமப் போறது.

ஒண்ணு மட்டும் முன்கூட்டியே சொல்லிடறேன், கீழ வர்ற எல்லாமே அதுமேலதான் நிக்குது. மேல ஏறிட்டிருந்த ஆளுக்கு அன்னைக்கு ஐரனின்னு ஒண்ணும் தெரியாது, அவரு அடுத்த அடியை எங்க வைக்கலாம்னு பாத்துட்டிருந்தாரு. ஐரனி தெரியறது உயிரோட இறங்கி வந்து, மாசக்கணக்கா யோசிச்சு எழுதற ஆளுக்கும், முடிவு தெரிஞ்சுட்டுப் படிக்கிற நமக்கும்தான். அதனால ஒவ்வொரு இடத்துலயும் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: இது அன்னைக்கே தெரிஞ்சதா, அப்புறமா தெரிஞ்சதா, யாருக்குத் தெரிஞ்சது?

எந்தச் சம்பவம், ஏன் அது

1996 மே 10. நியூசிலாந்துக்காரர் ராப் ஹால் ஒரு டீம் கூட்டிட்டு வந்தாரு, அமெரிக்கர் ஸ்காட் ஃபிஷர் இன்னொரு டீம். ரெண்டுமே காசு வாங்கிட்டு ஆளுங்களை எவரெஸ்ட் உச்சிக்குக் கூட்டிட்டுப் போற கம்பெனி, ஹால் கட்டணம் தலைக்கு 65,000 அமெரிக்க டாலர். நள்ளிரவு வாக்குல சுமார் 7,900 மீட்டர்ல இருக்குற சவுத் கோல் கேம்ப்ல இருந்து கிளம்புனாங்க. ஒரே வழியில முப்பது பேருக்கு மேல. முன்னாடியே கட்டியிருக்க வேண்டிய கயிறு சில இடத்துல கட்டல, வரிசையில நின்னு நின்னே நேரம் போச்சு. சாயங்காலம் புயல் வந்துருச்சு. தெக்குப் பக்கம் ஹால், ஃபிஷர், கைடு ஆண்டி ஹாரிஸ், காசு கட்டி வந்த டக் ஹான்சன், யாசுகோ நம்பா, ஆக 5 பேர். வடக்குப் பக்கம் திபெத் வழியா ஏறுன இந்திய-திபெத் எல்லைப் போலீஸ் டீம்ல 3 பேர். மொத்தம் 8 உயிர் போச்சு.

இதை எடுத்துக்கிறதுக்குக் காரணம், தப்பிச்சவங்க பல பேர் தனித்தனியா எழுதியிருக்காங்க. ஹால் டீம்ல ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காக எழுத வந்த ஜான் கிராக்கவர், ஃபிஷர் டீம்ல கைடா இருந்த அனடோலி புக்ரீவ், செத்துட்டாருன்னு விட்டுட்டு வந்தும் எழுந்து நடந்து வந்த பெக் வெதர்ஸ், இப்படி. ஒரே ராத்திரி, பல வாய். முரண் படிக்க இதை விட நல்ல இடம் கிடைக்காது. இன்னொரு காரணமும் இருக்கு, நம்ம மலேசியாவுல முதல் முதலா எவரெஸ்ட் ஏறுனது மகேந்திரனும் மோகனதாஸும்தான், 1997 மே 23, இந்த விபத்து நடந்து ஒரு வருஷம் தாண்டி ரெண்டு வாரம்கூட ஆகாத நேரம், அதே தெக்கு வழி. அந்த ரெண்டு பேரு பெயரும் தெரிஞ்ச பிள்ளைக்கு முந்தின வருஷம் அங்க என்ன ஆச்சுன்னு தெரியறதில்ல, அது எனக்கு எப்பவும் கொஞ்சம் உறுத்தும்.

முதல் படி: கதையை விட்டுட்டு மணியை எடு

முதல் தடவை படிக்கிறப்ப ஐரனி தேடவே தேடாதீங்க. ஒரு ஏ4 பேப்பரைக் குறுக்க வச்சு நாலு கட்டம் போடுங்க: மணி, இடம், யாரு என்ன செஞ்சாங்க, அந்த நேரத்துல யாருக்கு என்ன தெரியாது. நாலாவது கட்டம்தான் சொத்து. முதல் மூணை யாரு வேணா நிரப்பலாம்.

ஏன் மணின்னா, இந்தக் கதையில மணிதான் ஆக்ஸிஜன். ஆளுக்கு மூணு பாட்டில் கணக்கு, ஒரு பாட்டில் அஞ்சுல இருந்து ஆறு மணி நேரம் வரும். நள்ளிரவுல கிளம்புனா சாயங்காலம் நாலு அஞ்சு மணிக்கு எல்லாருக்கும் காத்து தீந்துடும். அப்ப மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள உச்சி தொடலன்னா எங்க நிக்கிறியோ அங்கேயே திரும்புன்னு சொல்றது வெறும் கண்டிப்பு இல்ல, கூட்டல் கழித்தல். நம்ம ஊர் குனுங் நுவாங் மலை ஏறுனவங்களுக்கு இது புரியும், இருட்டுறதுக்குள்ள இறங்கணும்னா இத்தனை மணிக்குத் திரும்பணும்னு ஒரு கணக்கு வச்சிருப்போம்ல, கினாபாலு மலையில சாயாட்-சாயாட் செக்பாயிண்ட்ல கட்-ஆஃப் டைம் தாண்டுனா மேல விடமாட்டாங்கல்ல, அதே கணக்குதான், இங்க விலை உசுரு.

கட்டத்துல விழறது இப்படி இருக்கும். காலையில பதினொன்றரை வாக்குல ஹால் டீம்ல மூணு பேர் வரிசை நகரலன்னு பாத்துட்டுத் திரும்பிட்டாங்க. ஒரு மணிக்கு மேல புக்ரீவும், கொஞ்ச நேரத்துல கிராக்கவரும் உச்சியில. ஃபிஷர் மூணே முக்கால் வாக்குல. ஹால் தன்னோட கிளையன்ட் ஹான்சனுக்காக உச்சியிலயே காத்திருந்தாரு, ஹான்சன் வந்து சேந்தப்ப நாலு மணி ஆயிருச்சு. இந்த வரிகளை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதிப் பாத்தாலே பாதி வேலை முடிஞ்சுது. மேல நிக்கிறவங்களுக்குக் கீழ இருந்து வர்ற புயலோட அளவு தெரியல, நாலாவது கட்டத்துல அதை எழுதுங்க.

ரெண்டாவது படி: எந்த வகை ஐரனி

இதை வேகமா முடிச்சிடலாம், பாடப்புத்தகத்துல இருக்கறதுதான்.

சொல்லுல வர்றது ஒண்ணு, புகழ்ற மாதிரி பழிக்கிறது, நம்ம வஞ்சப்புகழ்ச்சி அணி. மலை விபத்துக் கதையில இது ரொம்பக் கம்மி, தேடி நேரத்தை வீணாக்காதீங்க. படிக்கிறவனுக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாதுங்கிறது ரெண்டாவது. கோவலன் சிலம்பை விலை கேக்கப் போனது ராணி சிலம்பைத் திருடுன அதே பொற்கொல்லன்கிட்டதான், கேக்குற நமக்கு வயிறு கலங்கும், கோவலன் அமைதியா நிப்பான். உண்மை விபத்துக் கதையில முதல் பக்கத்துலயே யாரு சாவாங்கன்னு தெரிஞ்சுடறதால இந்த வகை எல்லா வரியிலயும் லேசா ஒட்டிட்டே இருக்கும், அதனாலயே எல்லா வரியையும் குறிக்கக் கூடாது. மூணாவது நிலைமையில வர்றது, ஒண்ணை நினைச்சுச் செஞ்சா அதுக்கு நேர் எதிரா முடியறது. மார்க்கும் இதுலதான், குழப்பமும் இதுலதான்.

மூணாவது படி: மூணு கேள்வி வச்சு வடிகட்டு

ஒரு இடம் ஐரனியான்னு சந்தேகம் வந்தா மூணு கேள்வி. சம்பவத்துக்கு முன்னாடியே யாராவது ஒண்ணை எதிர்பாத்தாங்களா, அது சொல்லாவோ செயலாவோ பதிவாகியிருக்கா? நடந்தது அதுக்கு எதிரா இருக்கா? அந்த எதிர்ப்பார்ப்புக்காகச் செஞ்ச காரியமே அந்த எதிரான முடிவுக்கு வழி விட்டுச்சா? மூணாவதுக்கு ஆமான்னா அது கெட்டியான ஐரனி. முதல் ரெண்டு மட்டும்னா சுமாரு. ஒண்ணும் இல்லன்னா அது சோகம், இல்ல வெறும் தற்செயல்.

தற்செயலுக்கு உதாரணம் சொல்றேன். 1996 மே 23ஆம் தேதி, அதாவது விபத்து நடந்து ரெண்டு வாரம் கூட ஆகல, சவுத் கோல்ல இருந்த தங்களோட ஆக்ஸிஜனை மீட்பு வேலைக்கு எடுத்துக்கச் சொன்ன ஐமேக்ஸ் சினிமா டீம் உச்சி தொட்டுச்சு. சரியா ஒரு வருஷம் கழிச்சு அதே மே 23ல நம்ம ஆளுங்க ரெண்டு பேர். கேக்க நல்லா இருக்கு, ஆனா ஐரனி இல்ல. மே மாசம் கடைசியில காத்து கொஞ்சம் அடங்கும், எல்லாரும் அந்த நாளுங்களைக் குறிவைப்பாங்க, அவ்வளவுதான்.

இப்ப கெட்டியானது. ராப் ஹால் தன் டீமுக்குத் திரும்புற நேரத்தைப் பத்தி விடாமப் பாடம் எடுத்தவரு. விபத்துக்கு ஒரு வாரம் முன்னாடி, மே 3ஆம் தேதி, ஸ்வீடன்ல இருந்து சைக்கிள்லயே வந்த யோரான் க்ராப்னு ஒருத்தர் தனியா ஏறி, உச்சிக்குச் சுமார் நூறு மீட்டர் இருக்கறப்பவே நேரமாச்சுன்னு திரும்பிட்டாரு. ஹால் அதைப் பாத்து அசந்துபோய்ப் பாராட்டுனாரு, ஏறுறது யாரு வேணா ஏறலாம், உசுரோட இறங்குறதுதான் சாமர்த்தியங்கிற மாதிரி பேசுனதா கிராக்கவர் எழுதியிருக்காரு. அதே ஹால் ஒரு வாரத்துல ரெண்டு மணி தாண்டி, நாலு மணி வரைக்கும் உச்சியில நின்னாரு. முதல் ரெண்டு கேள்விக்கும் பதில் கிடைச்சாச்சு.

மூணாவதுக்கு ஒரு வருஷம் பின்னாடி போகணும். டக் ஹான்சன் அமெரிக்காவுல தபால் ஆபீஸ் வேலைக்காரர், பெரிய பணக்காரர் இல்ல. 1995ல இதே ஹால்கூட வந்து, உச்சிக்குக் கிட்டப் போனதும் நேரமாச்சுன்னு ஹால்தான் திருப்பிக் கூட்டிட்டு வந்தாரு. அந்த வருஷம் ஹால் கூட்டிட்டுப் போன ஒரு கிளையன்ட்டும் உச்சி தொடல. அப்புறம் ஹாலே கூப்பிட்டு, கட்டணத்தையும் குறைச்சு, திரும்ப வான்னு சொன்னாரு. இதைக் கோத்துப் பாருங்க: 1995ல விதியைச் சரியாக் கடைப்பிடிச்சாரு, ஹான்சன் உசுரோட வீடு போனாரு. அப்படித் திருப்பி அனுப்புன கடன் மனசுல இருந்ததாலதான் 1996ல விதியை விட்டாருன்னா, சரியான முடிவே அடுத்த வருஷத் தப்பான முடிவுக்கு விதையாயிருச்சு. ரெண்டு பேருமே திரும்பல.

பிள்ளைங்க இந்த இடத்துல உணர்ச்சிவசப்பட்டு எழுதித் தள்ளிடுவாங்க, கொஞ்சம் பிரேக் போடணும். கடன் மனசுல இருந்ததாலங்கிறது நாம ஊகிக்கிறது, கிராக்கவரும் ஊகிக்கிறதுதான், ஹால் இறங்கி வந்து சொல்லல. அதனால பதில்ல இருக்கலாம், தோணுதுன்னு எழுதுங்க. கட்டணம் குறைச்சது, காத்திருந்தது, மணி நாலு ஆனது, இதெல்லாம் சம்பவம். மனசுக்குள்ள என்ன ஓடுச்சுங்கிறது ஊகம். இந்தக் கோட்டைத் தெளிவாப் போடற பிள்ளை தனியாத் தெரியும்.

அடுத்தது பெக் வெதர்ஸ், எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் பிடிச்ச கேஸ் இதுதான். டெக்ஸாஸ் டாக்டர். கண்ணாடி தொல்லை வேணாம்னு முன்னாடியே கண்ணுல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவரு. அந்தப் பழைய வகை ஆபரேஷன் பண்ணுன கருவிழி, உயரத்துல ஆக்ஸிஜன் கொறைஞ்சதும் வடிவம் மாறிப்போகும், அவருக்குப் பார்வை மங்கிருச்சு. பால்கனின்னு சொல்ற சுமார் 8,400 மீட்டர் இடத்துல ஹால்கிட்டச் சொன்னாரு. ஹால் என்ன செய்வாரு, பாதுகாப்பான கைடு செய்றதைத்தான் செஞ்சாரு: பார்வை தெளியலன்னா மேல வராத, தனியாவும் இறங்காத, நான் திரும்பி வர்ற வரைக்கும் இங்கேயே இருன்னு வாக்கு வாங்கிட்டாரு. வெதர்ஸ் அந்த வாக்கைக் காப்பாத்துனாரு, வழியில இறங்கி வந்தவங்க கூப்பிட்டும் போகல, பத்து மணி நேரம் வாக்குல அங்கேயே உறைஞ்சு நின்னாரு. ஹால் வரவே இல்ல. கடைசியில மைக் க்ரூம்னு இன்னொரு கைடுகூட இறங்கறதுக்குள்ள புயல் பிடிச்சிருச்சு.

நல்லாப் பாக்கணும்னு பண்ணுன ஆபரேஷன் குருடாக்குச்சு, பத்திரமா இருக்கணும்னு குடுத்த வாக்கு புயல்ல மாட்டி விட்டுச்சு. மூணாவது கேள்விக்கு ரெண்டுலயும் ஆமாதான். அப்புறம் மறுநாள் காலையில இவரையும் யாசுகோ நம்பாவையும் கண்டுபிடிச்ச டீம் ஆளுங்க, மூச்சு இருக்கு ஆனா காப்பாத்த முடியாதுன்னு முடிவு பண்ணி விட்டுட்டு வந்துட்டாங்க, அன்னைக்கு சாயங்காலம் அவரே எழுந்து கேம்ப்புக்கு நடந்து வந்தாரு. வலது கை முழங்கைக்குக் கீழ போச்சு, இடது கை விரலுங்க போச்சு, மூக்கும் போச்சு, ஆனா ஆளு பொழைச்சாரு. செத்தவர்னு கணக்குல எழுதப்பட்டவர் வந்தாரு, திரும்பி வர்றேன்னு வாக்குக் குடுத்தவர் வரல. இது கொஞ்சம் இலேசான வகை, எதிர்பார்ப்புக்கும் முடிவுக்கும் எதிர்ப்பு இருக்கு, ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம் இல்ல. ரெண்டையும் ஒரே எடை போட்டு எழுதாதீங்க.

நாலாவது படி: முரண் வந்தா உடனே பொய்னு சொல்லாத

ரெண்டு பேர் ரெண்டு விதமா சொன்னா நம்ம முதல் புத்தி, யாரோ ஒருத்தன் புளுகுறான்னு போகும். எவரெஸ்ட் உச்சியில ஒரு மூச்சுல கிடைக்கிற ஆக்ஸிஜன் கடல் மட்டத்துல கிடைக்கிறதுல மூணுல ஒரு பங்குதான். கினாபாலுல 4,095 மீட்டர்லயே தலை சுத்தி, ஹோட்டல் ரூம் நம்பர் மறந்துபோன ஆளுங்களை நமக்குத் தெரியும், இது அதுக்கு ரெண்டு மடங்கு உயரம். அதனால முரணைப் பாத்ததும் அது எந்த மாதிரின்னு பிரிக்கணும்.

மூளைக்குக் காத்து இல்லாம வர்ற முரணைப் பாருங்க. சாயங்காலம் ஹால் மேல இருந்து ரேடியோவுல ஆக்ஸிஜன் கேக்குறாரு, ஹான்சன் நகர முடியாம கிடக்குறாரு. உச்சிக்குக் கொஞ்சம் கீழ இருக்குற சவுத் சம்மிட்ல பாட்டில் வச்சிருக்கு. அங்க இருந்த கைடு ஆண்டி ஹாரிஸ் ரேடியோவுல குறுக்கிட்டு, இங்க இருக்கறதெல்லாம் காலின்னு சொல்றாரு. உண்மையில நிறைஞ்ச பாட்டில் இருந்துச்சு. கீழ இறங்கிட்டிருந்த மைக் க்ரூமுக்கு அது தெரியும், ஆனா அவரு ரேடியோ சரியா வேலை செய்யல. பாட்டில் நிறைஞ்சிருக்கு, காலின்னு சொல்றவர் மூளைக்கு ஆக்ஸிஜன் இல்லாமத்தான் அது காலின்னு தோணுது. இங்க முரணும் ஐரனியும் ஒண்ணு மேல ஒண்ணா படிஞ்சிருக்கு. ஹாரிஸ் பொய் சொல்லலன்னு பதில்ல ஒரு வரி கண்டிப்பா எழுதுங்க.

எழுதறவரோட கண்ணே ஏமாந்த முரண் இன்னொண்ணு, ரொம்ப முக்கியம், நிதானமாப் படிங்க. கிராக்கவர் இறங்கி வர்றப்ப கேம்ப்புக்குக் கொஞ்சம் மேல புயல்ல ஒருத்தரைப் பாத்தாரு, அது ஆண்டி ஹாரிஸ்னு நம்புனாரு, ஹாரிஸ் கேம்ப் வந்துட்டாருன்னு எல்லார்கிட்டயும் சொன்னாரு. அப்புறம் ஹாரிஸைக் காணோம்னதும், கேம்ப் கிட்ட வந்து வழி தப்பி விழுந்திருப்பாருன்னு முடிவாச்சு, வீட்டுக்கும் அப்படித்தான் சேதி போச்சு. ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அன்னைக்குப் பாத்தது ஃபிஷர் டீம்ல இருந்த மார்ட்டின் ஆடம்ஸ்னு. ஹாரிஸ் கீழ வரவே இல்ல, ஹாலுக்கும் ஹான்சனுக்கும் உதவறதுக்கு மேல போயிருந்தாரு.

இதுல கவனிக்க வேண்டியது, முரண் அன்னைக்கே கண்ணு முன்னாடி இருந்துச்சு. மறுநாள் விடியக்காலம் ஹால் ரேடியோவுல, ராத்திரி ஹாரிஸ் என்கூட இருந்தான், இப்பக் காணோம்னு சொல்லிட்டாரு. கீழ இருந்தவங்களுக்குக் குழப்பம், ஹாரிஸ்தான் கேம்ப் வந்துட்டாரே, பாவம் ஹாலுக்கு மூளை கலங்கிருச்சுன்னு நினைச்சாங்க. கடைசியில, 8,700 மீட்டருக்கு மேல ராத்திரி பூரா புயல்ல கிடந்த மனுஷன் சொன்னதுதான் சரி, கேம்ப் வந்து சேந்தவர் சொன்னது தப்பு. எங்க வகுப்புல ஒரு பொண்ணு இதைக் கேட்டுட்டு, "டீச்சர், அப்ப யாரை நம்பறதுன்னு அவங்க உசரத்தை வச்சு முடிவு பண்ணிட்டாங்களா?"ன்னு கேட்டா. நான் அதையே கட்டுரைத் தலைப்பாக் குடுத்துட்டேன்.

மூணாவது மாதிரி, சம்பவம் ஒண்ணு, தீர்ப்பு ரெண்டு. புக்ரீவ் கைடா இருந்தும் ஆக்ஸிஜன் பாட்டில் இல்லாம ஏறுனாரு, தன் கிளையன்ட்டுங்களுக்கு முன்னாடியே இறங்கியும் வந்துட்டாரு. இதுல யாருக்கும் மறுப்பு இல்ல. கிராக்கவர் அதைக் கடுமையா விமர்சிச்சாரு. புக்ரீவ், ஃபிஷர்கிட்டப் பேசிட்டுத்தான் இறங்குனேன், கீழ தயாரா இருக்கறதுக்குத்தான்னு எழுதுனாரு. ராத்திரி புயல்ல மத்தவங்க கூடாரத்தை விட்டு நகர முடியாம கிடக்க, தனியாளா வெளிய போய் மூணு பேரை இழுத்துட்டு வந்ததும் இவருதான். அவரு செஞ்ச தப்புன்னு சொல்றதுதான் அவரு காப்பாத்தறதுக்குத் தெம்பையும் குடுத்துச்சா? கிளையன்ட்கூடவே இருந்திருந்தா காப்பாத்த வேண்டிய தேவையே வந்திருக்காதா? இந்த ரெண்டு கேள்வியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு விட்டுடுங்க. தீர்ப்பு எழுதச் சொல்லி வினாத்தாள் கேக்கல. அமெரிக்க ஆல்பைன் கிளப் 1997 டிசம்பர்ல அவருக்கு வீர விருது குடுத்துச்சு, அதே மாசம் 25ஆம் தேதி அன்னபூர்ணாவுல பனிச்சரிவுல செத்துப்போனாரு. இந்தக் கடைசி வரிக்குப் பிள்ளைங்க ஐரனின்னு குறிப்பாங்க, மூணு கேள்வியில போட்டுப் பாருங்க, நிக்காது.

வடக்குப் பக்கமும் ஒண்ணு இருக்கு. இந்திய டீம்ல அந்த மூணு பேர் உச்சி தொட்டுட்டோம்னு ரேடியோவுல சொன்னாங்க. அது உச்சியே இல்ல, மேகத்துல தெரியாம அதுக்குக் கீழயே ஒரு இடத்துல நின்னிருப்பாங்கன்னு பின்னாடி சந்தேகம் வந்துச்சு. இங்க சரி பாக்க மூணு பேருல ஒருத்தரும் உசுரோட இல்ல. இந்த மாதிரி முரணுக்கு விடை தேடாம, சாட்சி இல்லன்னு எழுதிட்டு நகந்துடுங்க.

மணிக்கணக்குல அஞ்சு பத்து நிமிஷம் மாறுறதை மட்டும் முரண்னு எழுதி பக்கத்தை ரொப்பாதீங்க. ஹால் வச்ச நேரம் ஒரு மணியா ரெண்டு மணியான்னு டீம்லயே ஆளுக்கொண்ணு சொன்னாங்களே, அது முக்கியமான முரண், ஏன்னா விதியே எல்லாருக்கும் ஒண்ணாப் போய்ச் சேரலன்னு காட்டுது.

அஞ்சாவது படி: சொல்றவரையும் கட்டத்துல போடு

நாலு கட்டத்துலயும் எல்லாரும் வந்துட்டாங்க, கதை சொல்றவரு மட்டும் வெளிய நின்னு பாத்துட்டிருப்பாரு. அவரையும் உள்ள இழுக்கணும். கிராக்கவர் வந்தது எவரெஸ்ட் எப்படி வியாபாரமாச்சுன்னு எழுதறதுக்கு. ஆனா பத்திரிகைக்காரன் ஒருத்தன் கூட வர்றான்னா ஹாலுக்கும் ஃபிஷருக்கும் எப்படியாச்சும் ஆளுங்களை உச்சியில நிறுத்திக் காட்டணும்னு அழுத்தம் ஏறியிருக்கும், அதை அவரே யோசிச்சு எழுதியிருக்காரு. வியாபாரத்தை விமர்சிக்க வந்த பேனாவே வியாபாரப் போட்டியை இன்னும் முறுக்கி விட்டிருக்கலாம்.

பொழைச்சு வந்தவங்க எழுதறப்ப ரெண்டு வேலை சேந்து நடக்கும், நடந்ததைச் சொல்றது ஒண்ணு, நான் ஏன் பொழைச்சேன்னு தனக்கே சமாதானம் சொல்லிக்கிறது இன்னொண்ணு. ஒரு பத்தியில திடீர்னு வானம், மேகம், அபசகுனம்னு வர ஆரம்பிச்சா அது அன்னைக்குப் பாத்ததா, எழுதறப்ப தெரிஞ்சதான்னு பென்சில்ல ஓரத்துல ஒரு கேள்விக்குறி போடுங்க. அன்னைக்கு முன்கூட்டியே திரும்பி வந்த மூணு பேரை அன்னைக்கு ராத்திரி வரைக்கும் யாரும் புத்திசாலின்னு சொல்லியிருக்க மாட்டாங்க, 65,000 டாலரைக் கட்டிட்டுப் பாதியில வந்துட்டாங்கன்னுதான் நினைச்சிருப்பாங்க.

ஆறாவது படி: எழுதறது

கண்டுபிடிச்சதை எழுதத் தெரியாமத்தான் மார்க் போகுது. இது ஒரு பிள்ளை எழுதற வழக்கமான வரி:

"யாசுகோ நம்பா எவரெஸ்ட் உச்சியை அடைந்தும் இறந்துபோனது மிகப் பெரிய முரண்நகையாகும்."

இது முரண்நகை இல்ல, சோகம். ஏறுனவங்க செத்துட மாட்டாங்கன்னு யாரும் எதிர்பாக்கல, இறங்குறதுலதான் ஆபத்துன்னு எல்லாருக்கும் தெரியும். அதே நம்பாவை வச்சே இப்படி எழுதலாம்:

"ஏழு கண்டங்களின் உயர்ந்த சிகரங்களையும் தொட்டுவிட்ட நம்பா, உச்சியிலிருந்து மிக ஆபத்தான பகுதிகளைக் கடந்து சவுத் கோல் சமவெளிக்கே வந்துவிடுகிறார். ஏறக்குறைய தட்டையான அந்த இடத்தில், கூடாரங்களுக்குச் சில நூறு மீட்டர் தூரத்தில், பனிப்புயலில் வழி தெரியாமல் உயிரிழக்கிறார். பாதுகாப்பு என்று எண்ணி வந்தடைந்த இடமே அவருக்கு மரண இடமாகிறது."

எதிர்பார்ப்பு, நடந்தது, ரெண்டையும் இணைக்கிற கயிறு, மூணும் வந்துருச்சு. மிகப் பெரிய, மாபெரும், நெஞ்சை உருக்கும், இந்த மாதிரி வார்த்தை ஒண்ணுகூடத் தேவைப்படல பாத்தீங்களா. இன்னொண்ணு, செத்தவங்களைப் பத்தி எழுதறோம், அவங்க வீட்டு ஆளுங்க இருக்காங்க. "முட்டாள்தனமாக ஏறினார்"னு எழுதற பிள்ளையை நான் திருப்பி எழுத வச்சிடுவேன். ஹால் கடைசியா சாட்டிலைட் போன் வழியா நியூசிலாந்துல இருந்த கர்ப்பிணி மனைவிகிட்டப் பேசுனப்ப ரொம்பக் கவலைப்படாதேன்னு சொன்னதையும் சில பேர் சொல் ஐரனின்னு குறிக்கிறாங்க. வேணாம் லா. ஒரு மனுஷன் பொண்டாட்டிக்கு ஆறுதல் சொல்றான், அவ்வளவுதான்.

ஏழாவது படி: வேற மலையில பழகு

எவரெஸ்ட் முடிஞ்சதும் சின்னதா ஒண்ணு எடுத்துக்குங்க. 1985, பெரு நாட்டு சியூலா கிராண்டே. ஜோ சிம்ப்சனுக்குக் கால் உடைஞ்சிருச்சு, சைமன் யேட்ஸ் அவரைக் கயித்துல கட்டிக் கொஞ்சம் கொஞ்சமா இறக்குனாரு, ஒரு கட்டத்துல சிம்ப்சன் அந்தரத்துல தொங்க, மேல இருக்கற யேட்ஸையும் இழுக்க, யேட்ஸ் கயித்தை அறுத்தாரு. சிம்ப்சன் பனிப்பிளவுல விழுந்தும் பொழைச்சு, தவழ்ந்தே கேம்ப் வந்தாரு. ஊர்ல பல பேர் யேட்ஸைத் திட்டுனாங்க, திட்டாம அவருக்காகப் பேசுனவரு விழுந்த சிம்ப்சனேதான். ரெண்டே ஆளு, அதனால கட்டம் சின்னது, ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாம்.

அதுக்கப்புறம் 2008 ஆகஸ்ட், கே2 மலையில 11 பேர் செத்தது. இது கஷ்டமானது, பல நாட்டு டீம், பல மொழி, தப்பிச்சவங்க சொல்றது சில இடத்துல ஒட்டவே ஒட்டாது, முக்கியமா கயித்துல மாட்டித் தொங்குனவங்களுக்கு யாரு கடைசி வரைக்கும் உதவுனாங்கங்கிற இடத்துல. இதுக்கு ஒரே பேப்பர் பத்தாது. சாட்சிக்கு ஒரு பேப்பர்னு தனித்தனியா கட்டம் போட்டு, ஜன்னல் கண்ணாடியில வெளிச்சத்துக்கு எதிரா ஒண்ணு மேல ஒண்ணா வச்சுப் பாருங்க, மணி ஒத்துப்போற வரியெல்லாம் டிக் பண்ணுங்க, ஒத்துப்போகாததை மட்டும் சிவப்புல வட்டம் போட்டு, அந்த ஆளு அப்ப எத்தனை மீட்டர்ல, எத்தனை மணி நேரமா தூங்காம இருந்தாருன்னு பக்கத்துலயே எழுதி வச்சுட்டு அப்புறம் பேனாவை எடுங்க.